கூட்டுவதற்கு முன் பாருங்கள்

சென்ற வாரம், ஸ்கான் பிரிவில் வேலை செய்கிற உங்களில் ஒருவர் மானிப்பாயில் என் வீட்டுக்கே வந்து, "மிஸ், நிறமாலை எடுக்கிற நேரத்தை இன்னும் எப்பிடிக் குறைக்கலாம்?" என்று கேட்டார். தேத்தண்ணி கொடுத்தேன், பதில் கொடுக்கவில்லை. வாயைத் திறந்தால் நான் கத்திவிடுவேன் என்று எனக்கே தெரியும். ஓய்வு பெற்றபின் கத்துவதைக் குறைக்கச் சொல்லி வைத்தியர் சொல்லியிருக்கிறார். ஆகவே எழுதுகிறேன். எழுத்தில் கத்தினால் இரத்த அழுத்தம் ஏறாது என்று நம்புகிறேன்.

வேகம், வேகம், எப்போது பார்த்தாலும் வேகம். இயந்திரம் விற்க வந்தவர் வேகம் என்றார். நிர்வாகம் வேகம் என்றது. வரிசையில் இருந்தவர்கள் கதவைத் தட்டி வேகம் என்றார்கள். எல்லாருக்கும் மேலே, நோயாளியின் கனடாத் தம்பியும் லண்டன் அக்காவும் கைத்தொலைபேசித் திரைக்குள் இருந்துகொண்டு, "அங்கை ஏன் இவ்வளவு நேரம்? இஞ்சை உடனை எடுத்துக் குடுக்கிறாங்கள்" என்று எங்களுக்கு வகுப்பு எடுத்தார்கள். பனி கொட்டுகிற நாட்டில் இருந்துகொண்டு யாழ்ப்பாணத்து ஸ்கான் அறையை நடத்துகிற ஆட்கள் எத்தனை பேரைப் பார்த்துவிட்டேன்! நேரத்தைக் குறைப்பது பிழை என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. எந்த நேரத்தைக் குறைக்கிறோம் என்று பார்க்காமல் குறைப்பதுதான் எனக்கு விசரைக் கிளப்பும்.

புதிதாக வந்தவர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிட்டு மேலே போகிறேன். எம்.ஆர்.ஐ. படம் மூளையில் கட்டி எங்கே இருக்கிறது என்று காட்டும். நிறமாலை அந்தக் கட்டிக்குள் என்ன இருக்கிறது என்று சொல்லும். அங்கே உள்ள இரசாயனப் பொருட்கள் ஒவ்வொன்றும் கோட்டில் தனக்கென்று ஓரிடத்தில் கூம்பாக எழும்பும். ஆனால் அந்தச் சமிக்ஞை மிக மெலிந்தது. ஒருமுறை எடுத்தால் வெறும் இரைச்சல்தான் தெரியும். அதனால் திரும்பத் திரும்ப எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாகக் கூட்டுகிறோம். கூட்டக் கூட்ட இரைச்சல் அடங்கி, கூம்புகள் தெளிவாகும். நேரம் போவது அங்கேதான். எடுக்கிற தடவைகளைக் குறைத்தால் நேரமும் குறையும். இதைக் கண்டுபிடிக்க யாரும் பட்டம் படிக்கத் தேவையில்லை.

இனி மரியநாயகத்தின் கதைக்கு வருகிறேன். என் சேவையின் கடைசிக் காலத்தில் நடந்தது. அவர் குருநகர் ஆள், கடலட்டை பிடிக்கக் கடலடிக்குச் சுழியோடுகிறவர். ஐம்பது வயதுக்குக் கிட்ட இருக்கும். நல்ல தாட்டியான உடம்பு. சில கிழமைகளாகத் தலையிடி, பிறகு சொற்கள் வாயில் தடுக்கின, ஒருநாள் வள்ளத்தில் வலிப்பு வந்து விழுந்துவிட்டார். படம் எடுத்தபோது இடது காதுக்கு மேலே மூளையில் ஒரு கட்டி, அதைச் சுற்றி வீக்கம். புற்றுக் கட்டியா, சீழ்க்கட்டியா? காய்ச்சல் இல்லை. இரத்தப் பரிசோதனை குழப்பியது. மற்றப் படங்கள் இரண்டு பக்கமும் சாய்ந்தன. ஆகவே சத்திரசிகிச்சை நிபுணர் நிறமாலை கேட்டார்.

இரண்டுக்கும் வைத்தியம் நேரெதிர். புற்று என்றால் வீக்கத்தைக் குறைக்க ஸ்டீரொயிட் ஏற்றி, கொழும்புக்கு அனுப்புவார்கள். சீழ் என்றால் உடனே துளை போட்டு வெளியே எடுக்கவேண்டும். சீழ் இருக்கிற ஆளுக்கு அந்த மருந்தை ஏற்றி, குலுங்கக் குலுங்க அவ்வளவு தூரம் அனுப்பினால், வழியிலேயே கட்டி உடைந்து ஆள் முடிந்துவிடலாம்.

நிறமாலை எடுத்தவன் சுதன். எங்கள் பிரிவிலேயே கெட்டிக்காரன், இப்போது உங்களில் பலருக்கு அவன்தான் பெரியவன். கணினி என்றால் அவனுக்கு விளையாட்டு. ஆனால் அன்று மரியநாயகத்தின் கனடாத் தம்பி தொலைபேசித் திரையில் நின்றார், வரிசை கதவடியில் நின்றது, நிபுணர் வார்ட்டில் இருந்து கேட்டுக்கொண்டே இருந்தார். சுதன் விற்பனைக்காரர் போட்டுவிட்டுப் போன வேக முறையை அழுத்தினான். தடவைகள் குறைவு, மண்டைத் தோலின் கொழுப்பை மறைக்கிற தடுப்புகள் வைக்கவில்லை, காந்தப் புலத்தைச் சீராக்குவதை இயந்திரமே பார்த்துக்கொண்டது. முடிவில் மென்பொருள் எல்லாவற்றையும் தானே கூட்டி, தேய்த்து மெருகாக்கி, சரி என்று பச்சை அடையாளமும் போட்டுக் கொடுத்தது. கொழுப்பின் கூம்பு வானத்துக்கு எழும்பியிருந்தது. அதோடு, கலங்கள் பெருகும்போது ஏறுகிற கோலினும் உயரம். படிப்பவர்களுக்கு அதன் அர்த்தம் ஒன்றுதான், வேகமாகச் செத்துச் செத்து வளருகிற புற்று. அறிக்கை வார்ட்டுக்குப் போய்விட்டது.

நான் அன்றே விடுப்பு முடிந்து வந்து, சும்மா அந்தத் திரையைப் பார்த்தேன். அந்தப் பச்சை அடையாளத்தைக் கண்டாலே எனக்குப் பத்திக்கொண்டு வரும். பின்னால் போய் மெருகு போடாத கோட்டைத் திறந்தேன். கூம்பெல்லாம் அடி அகன்று, ஒன்றுக்குள் ஒன்று வழிந்து கிடந்தது.

"சுதன், இது காதுக்குப் பக்கத்திலை. எலும்புக்குள்ளை காத்து இருந்து புலத்தைக் குழப்பிற இடம். இஞ்சை இயந்திரம் தானே சீராக்கும் எண்டு எப்பிடி நம்பினனீர்?"

"பச்சை விழுந்தது மிஸ்."

"உதுக்கு எப்பவும் பச்சை விழும். இந்தக் கொழுப்பு கட்டிக்குள்ளை இருந்து வந்ததோ, மண்டைத் தோலிலை இருந்து வந்ததோ?"

அவன் திரையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், முகம் கறுத்துப்போனது. நான் தொலைபேசியை எடுத்தேன்.

நிபுணர் நல்ல மனிதர்தான், ஆனால் கோபத்தில் என்னையும் மிஞ்சுவார். "நீங்கள் எனக்கு ஒரு பதில் தந்திட்டியள்," என்றார். "மருந்துக்கும் எழுதியாச்சு, அம்புலன்ஸுக்கும் சொல்லியாச்சு. இப்ப தந்த பதிலைத் திரும்பத் தாங்கோ எண்டு கேக்கிறியளோ?"

"ஓம் சேர். அதைத்தான் கேக்கிறன்."

"ஒப்பரேசன் தியேட்டருக்குப் போறன். நான் வெளியிலை வரேக்கை உங்கடை புதுப் பதில் கையிலை இருக்கவேணும். இல்லையெண்டால் பழைய பதிலின்படி மருந்தை ஏத்துவன்," என்று வைத்துவிட்டார்.

மரியநாயகத்தைத் திரும்பவும் தள்ளுவண்டியில் கொண்டுவந்தோம். தடுப்புகளைத் திரையில் ஒவ்வொன்றாக நானே வைத்தேன். புலத்தைக் கையால் சீராக்கினேன். வழக்கமான நீண்ட முறையைத் தொடக்கினேன். இனிச் சரி என்று நினைத்துக்கொண்டு திரையைப் பார்த்தால், வருகிற சமிக்ஞை ஒவ்வொன்றும் ஒவ்வோர் இடத்தில் வந்து விழுகிறது. தாயே! சீராக்கிய புலம் அதற்குள் எங்கே போனது? கமெராவில் பார்த்தேன். கால் அசையவில்லை, கை அசையவில்லை. தாடை மட்டும் ஓயாமல் போய்க்கொண்டிருந்தது.

நிறுத்திவிட்டு உள்ளே போனேன்.

"ஐயா, என்ன செய்யிறியள்?"

"செபமாலை சொல்லுறன் மிஸ்."

"அசையாதேங்கோ எண்டெல்லோ சொன்னனான்?"

"நான் அசையேல்லையே. வாய்தான் சொல்லுது."

பொறுமையாக விளக்கினேன். பொறுமையாக என்று நான்தான் சொல்கிறேன், அறைக்கு வெளியேயும் கேட்டதாம். தாடை அசைந்தால் தலை அசையும். அவருடைய கட்டி தாடை மூட்டுக்குக் கொஞ்சம் மேலேதான். முதல் தடவையும் இதுதான் நடந்தது என்று அப்போது விளங்கியது. சுதனே அவரிடம், "பயமெண்டால் செபம் சொல்லிக்கொண்டு கிடவுங்கோ ஐயா, நேரம் போறது தெரியாது," என்று சொல்லியிருந்தான். நல்ல மனதோடு சொன்னதுதான். நாங்கள் எல்லோரும் சொல்வதுதான். தேவாரம் பாடுங்கோ, செபம் சொல்லுங்கோ, ஓதுங்கோ என்று இந்த ஊரில் சொல்லாத ரேடியோகிராபர் உண்டா? படத்தை அது பெரிதாகக் குழப்பாது. நிறமாலைக்கு அது நஞ்சு.

"மனதுக்குள்ளை சொல்லுங்கோ."

"எனக்கு மனதுக்குள்ளை சொல்லத் தெரியாது மிஸ். சின்னனிலை இருந்தே வாய்விட்டுச் சொல்லித்தான் பழக்கம். அதோடை, மாதாவுக்கு நேத்தி வைச்சிருக்கு. உள்ளுக்கை போனால் வெளியிலை வருமட்டும் விடக்கூடாது. விட்டால் நான் தப்பமாட்டன்," என்று சொற்கள் தடுக்கத் தடுக்கச் சொன்னார்.

வெளியே போய் அவர் மனைவி பிலோமினாவிடம், செபத்தை நிறுத்தச் சொல்லும்படி கேட்டேன். மனிசி கும்பிட்டுக்கொண்டே மறுத்தாள். "அந்த நேத்தியை வைச்சது நான்தான் மிஸ். செபத்தை நிப்பாட்டச் சொல்லி, என்ரை மனுசனுக்கு ஏதும் நடந்தால் நீங்களோ பொறுப்பு?" அவள் கையில் இருந்த தொலைபேசிக்குள் இருந்து கனடாத் தம்பி, "ஒருக்கா எடுத்ததை ஏன் திரும்ப எடுக்கிறியள்? உங்களுக்கு மெஷின் ஓட்டத் தெரியாதோ?" என்றார். அந்தத் தொலைபேசியைப் பண்ணைக் கடலில் எறியவேண்டும் போல இருந்தது.

ஆளை மயக்கிக் கிடத்தலாம் என்றால், மயக்கமருந்து வைத்தியரும் தியேட்டரில் இருந்தார், கேட்டும் பயனில்லை. நீண்ட முறையை விடாமல் ஓட்டினால் நல்லதும் கெட்டதும் சேர்ந்து கூட்டப்பட்டு ஒரே கஞ்சியாக வரும். கூட்டிய பிறகு பிரிக்க முடியாது. வேக முறையை ஓட்டினால் அதே கஞ்சி சீக்கிரமாக வரும், வேறொன்றுமில்லை. தியேட்டரில் சத்திரசிகிச்சை எந்த நேரமும் முடியலாம்.

சுதனின் கதிரையில் இருந்து யோசித்தேன். எங்களுக்கு வேண்டியது நீண்ட நேரம் அல்லவே, அவர் அசையாமல் கிடக்கிற நேரம் மட்டும்தானே? அதைச் சிறு சிறு துண்டுகளாக எடுத்தால் என்ன? ஒரு துண்டு எடுப்போம், நிறுத்துவோம், அந்த இடைவெளியில் அவர் செபம் சொல்லட்டும். பிறகு அடுத்த துண்டு. ஒவ்வொன்றையும் தனித்தனியாக வைத்துக்கொண்டு, அசைந்ததைத் தூக்கி எறிந்துவிட்டு, நல்லதை மட்டும் கூட்டலாம்.

"இடைவெளி விட்டால் நேரம் போகுமே மிஸ்," என்றான் சுதன்.

"காலமை நீர் மிச்சம் பிடிச்ச நேரம் எங்கை இருக்கு? கொண்டுவந்து காட்டும் பாப்பம்."

பாவம், அவன் துண்டு துண்டாக ஓடும்படி முறையை மாற்றத் தொடங்கினான். நான் உள்ளே போய் மரியநாயகத்திடம் சொன்னேன். "ஐயா, மெஷின் தட்டுற சத்தம் கேக்கேக்கை வாயை மூடிக்கொண்டு கிடவுங்கோ. சத்தம் நிக்கேக்கை செபத்தைச் சொல்லுங்கோ. விடவேண்டாம், இடையிலை இடையிலை சொல்லுங்கோ." அவர் கூரையைப் பார்த்துக்கொண்டே, "சரி மிஸ்," என்றார்.

முதல் துண்டு பாழ். அடுத்ததும் பாழ், தட்டல் தொடங்கிய பிறகும் தாடை ஓடிக்கொண்டிருந்தது. "ஐயா, அசைஞ்சிட்டியள்!" என்று ஒலிவாங்கியில் சொன்னேன். என் குரலில் இனிமை இருந்ததாக யாரும் சாட்சி சொல்லமாட்டார்கள். அதன் பிறகு வந்த துண்டுகள் எல்லாம் சுத்தமாக வந்தன. ஒன்றன்பின் ஒன்றாக, அதே இடத்தில், அதே வடிவில். எனக்கு என்மேலேயே ஒரு பெருமை வந்தது, மறைக்க மாட்டேன்.

சுதனைப் பற்றியும் நியாயமாகச் சொல்லவேண்டும். துண்டுகளை வரிசைப்படுத்தி, கொஞ்சம் விலகியதை இழுத்து நேராக்கிச் சேர்க்கிற வேலையை நான் கையால் செய்திருந்தால் பின்னேரம்வரை இழுபட்டிருக்கும். அவன் அங்கேயே இருந்து கணினியில் ஒரு சிறு நிரல் எழுதி, நான் எழும்பித் தண்ணீர் குடித்து வருவதற்குள் முடித்துவிட்டான். ஆனால் கூட்டுவதற்கு முன் ஒவ்வொரு துண்டையும் திரையில் போட்டு என்னிடம் காட்டினான், நான் சொல்லாமலே. வேகம் என்றால் அதுதான் வேகம். பார்க்கவேண்டியதைப் பார்த்த பிறகு, மிச்சத்தில் எவ்வளவு வேண்டுமானாலும் ஓடுங்கள், நான் கைதட்டுவேன்.

கூட்டிய கோடு வந்தது. வானத்துக்கு எழும்பிய கொழுப்புக் கூம்பு இருந்த இடத்தில் ஒரு சிறு மேடு மட்டும் மிஞ்சியது. கோலின் அடங்கிக் கிடந்தது. அதற்குப் பதில், மனித மூளையில் இப்படித் தெரியவே கூடாத கூம்புகள் நின்றன, அசற்றேற்றும் அமினோ அமிலங்களும். கிருமிகள் தின்று கழித்த மிச்சம் அது. புற்று அதைச் செய்யாது. உள்ளே இருப்பது சீழ்.

நிபுணர் தியேட்டர் உடுப்போடேயே வந்து திரைக்கு முன் நின்றார். திரும்பி வெளியே போய்ப் பிலோமினாவைக் கேட்டார். "இவருக்குக் காதிலை ஏதும் வருத்தம் இருக்கோ?"

"காதோ? அது எப்பவும் ஓடுறதுதானே சேர். சுழியோடுற எல்லாருக்கும் காது ஓடும். கடையிலை ஒரு குளிசை வாங்கிப் போடுறவர்."

"இதை ஏன் இவ்வளவு நாளும் ஒருத்தருக்கும் சொல்லேல்லை?"

"தலையிடி எண்டெல்லோ வந்தனாங்கள். காதுக்கு வரேல்லையே."

நிபுணர் நெற்றியில் கையை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். சீழ் வடிகிற காதில் இருந்து கிருமி எலும்பைத் தாண்டி மூளைக்கு ஏறியிருக்கிறது. இத்தனை கோடி பெறுமதியான காந்தத்தை வைத்துக்கொண்டு நாங்கள் தேடிய சங்கதி, அந்த மனிசியிடம் ஒரு வார்த்தை கேட்டால் கிடைத்திருக்கும். யாரும் கேட்கவில்லை. கேட்க நேரம் இல்லையாம், அவ்வளவு வேகம்! ஸ்டீரொயிட்டை ரத்துச் செய்து, அன்றே மண்டையில் துளைபோட்டார்கள். சீழ்தான். கிண்ணம் நிறைய எடுத்தார்கள்.

அதன் பிறகு கொஞ்சக் காலம் என் துண்டு முறையை நான் பறையடிக்காத இடமில்லை. பயிற்சிக்கு வந்தவர்களுக்கெல்லாம் இதைத்தான் சொன்னேன். நோயாளியின் பழக்கத்தோடு சண்டை பிடிக்காதீர்கள், அதற்கு இடைவெளி கொடுங்கள், சமிக்ஞை தானே வரும் என்று. உங்களில் சிலர் அதைக் கேட்டுக் கேட்டுச் சலித்திருப்பீர்கள். கனடாத் தம்பியும் தொலைபேசியில் நன்றி சொன்னார். "நான் அப்பவே கெதியா எடுங்கோ எண்டு சொன்னனான்தானே," என்றார். வைத்துவிட்டேன்.

மரியநாயகம் மறுபரிசோதனைக்கு வந்தார். தலையில் மயிர் முளைத்திருந்தது, சொற்கள் நன்றாக வந்தன. பிலோமினா எனக்கென்று கடதாசியில் சுற்றிய கருவாடு கொண்டுவந்து, மாதாதான் காப்பாற்றினவ, ஒரு மணி விடாமல் சொன்ன செபத்துக்குக் கிடைத்த பலன் என்று கண்ணீரோடு சொன்னாள். நானும் தலையாட்டினேன். என் முறைக்கும் கொஞ்சம் பங்கு உண்டு என்று சொல்ல நாக்கு துடித்தது, அடக்கிக்கொண்டேன்.

உள்ளே அவரை மேசையில் படுக்கவைத்து, தலைக்கு அணை வைத்தேன். "போன முறை மாதிரித்தான் ஐயா. சத்தம் நிக்கேக்கை செபம் சொல்லலாம்."

அவர் கதவு பூட்டியிருக்கிறதா என்று பார்த்தார். "மிஸ், ஒண்டு சொல்லுறன். மனுசிக்குச் சொல்லிப் போடாதேங்கோ. அண்டைக்கு நான் செபம் சொல்லேல்லை."

"இடைவெளியிலை சொன்னியள்தானே?"

"முதல் ரெண்டு தரமும் சொல்லிப் பாத்தன். வாய் தொடங்கினால் பேந்து நிக்குதில்லை. அப்பதான் நீங்கள் மைக்கிலை கத்தினியள். அதோடை விட்டிட்டன்."

"முழுக்கவோ?"

"முழுக்க. சத்தம் நிண்ட நேரமும் வாய் திறக்கேல்லை, திறந்தால் உங்கடை வேலை குழம்பும் எண்டு. நேத்தியை முறிச்சிட்டன், இனிச் சாவுதான் எண்டு நினைச்சுக்கொண்டுதான் கிடந்தனான். பிள்ளையளை ஒவ்வொண்டா நினைச்சன்." அவர் சிரிக்கப் பார்த்தார். "ஆனால் நீங்கள் அசையாதேங்கோ எண்டு கேட்டியள். என்ன செய்யிறது?"

அந்தச் சுத்தமான கோடுகளை என் கெட்டித்தனம் என்று நான் எத்தனை பேருக்குக் காட்டியிருக்கிறேன்! ஒவ்வொன்றிலும் அந்த மனிதர் சாகத் துணிந்து வாயை மூடிக்கொண்டு கிடந்திருக்கிறார். அதையும் நான் கத்தித்தான் வாங்கியிருக்கிறேன்.

கட்டுப்பாட்டு அறைக்குத் திரும்பினேன். வெளியே வரிசை நீண்டிருந்தது, யாரோ கதவைத் தட்டினார்கள். சுதன் தொடக்குவதற்குக் கையை வைத்தான். நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டு ஒலிவாங்கியை எடுத்தேன்.

"ஐயா, இன்னும் துவங்கேல்லை. முதல் உங்கடை செபமாலையைச் சொல்லி முடியுங்கோ. முழுக்கச் சொல்லுங்கோ, நாங்கள் பொறுக்கிறம்."

பிறகு ஒலிபெருக்கியில் அவர் குரல் வாய்விட்டு வரத் தொடங்கியது. கதவைத் திரும்பவும் தட்டினார்கள், இம்முறை பலமாக. நான் எழும்பிப் போய் உள்ளே பூட்டைப் போட்டுவிட்டு வந்து இருந்தேன்.